கதவைத் தட்டுவோம்

இரவு பத்து மணி. அடுத்த வீட்டில் ஒரு பெண் அலறுகிறாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது. குழந்தைகள் அழுகின்றன. தெரு முழுவதும் கேட்கிறது. ஆனால் ஒரு கதவும் திறக்கவில்லை.

"அது புருஷன் பெண்டாட்டி சண்டை. நாம் எப்படித் தலையிடுவது?"

பல தெருக்களில் இப்படித்தான் சொல்கிறோம். செகந்திராபாத்தில் எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்திலும் இந்தப் பேச்சு வந்தது. பலரும் இதையே சொன்னார்கள். அதனால் இதைப் பற்றி விளக்கமாகப் படிப்போம். அடி விழுவதைத் தடுக்க ஊரும் தெருவும் என்ன செய்யலாம்? முன்பு யாராவது செய்திருக்கிறார்களா? சட்டம் என்ன சொல்கிறது?

எத்தனை பேர்?

இந்தியா முழுவதும் அரசு ஒரு கணக்கு எடுக்கிறது. அதற்குத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்று பெயர். 2019 முதல் 2021 வரை நடந்த கணக்கெடுப்பில், திருமணமான பெண்களிடம் கேட்டார்கள்.

இந்தியாவில் 100 பேரில் சுமார் 29 பேர் கணவனால் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். தெலங்கானாவில் 100க்கு சுமார் 37 பேர். தமிழ்நாட்டில் 100க்கு சுமார் 38 பேர்.

அதாவது மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். நம் தெருவில் எத்தனை வீடுகள்? எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. துன்பப்பட்ட பெண்களில் 100க்கு 14 பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டார்கள். மற்றவர்கள் உதவி கேட்கவே இல்லை.

ஏன் கேட்கவில்லை? மானம் போகும் என்ற பயம். பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய கவலை. போக வேறு இடம் இல்லை. சிறு வயது முதல் நாம் கேட்டு வளர்ந்த பழமொழிகளும் ஒரு காரணம். "கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்" என்பார்கள். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பார்கள். அணைக்கிற கை எதற்கு அடிக்க வேண்டும்? இதை யாரும் கேட்பதில்லை.

எது வன்முறை?

அடிப்பது மட்டும்தான் வன்முறையா? இல்லை. சட்டம் நான்கு வகைகளைச் சொல்கிறது.

ஒன்று, உடலைத் துன்புறுத்துவது. அடிப்பது, உதைப்பது, சூடு வைப்பது.

இரண்டு, மனதைத் துன்புறுத்துவது. கெட்ட வார்த்தையில் திட்டுவது, பிள்ளை இல்லை என்று குத்திக் காட்டுவது, மிரட்டுவது.

மூன்று, பாலியல் துன்பம்.

நான்கு, பணத்தால் துன்புறுத்துவது. பெண்ணின் கூலியைப் பிடுங்குவது, நகையை விற்பது, சாப்பாட்டுக்குப் பணம் தராமல் இருப்பது, வேலைக்குப் போகாதே என்று தடுப்பது.

நான்காவது வகையை எங்கள் மையத்தில் படித்தபோது வகுப்பே அமைதியானது. "இதுவும் குற்றமா?" என்று ஓர் அக்கா கேட்டார். ஆம். இதையும் வன்முறை என்றே சட்டம் சொல்கிறது.

படிக்கப் போன பெண்கள் செய்த வேலை

நெல்லூர் மாவட்டம் 2022 வரை தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருந்தது. அங்கே தூபகுண்டா என்று ஒரு சிறிய கிராமம். அந்தக் கிராமத்தின் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது. எப்படி?

1990ஆம் ஆண்டு தொடங்கி நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி வகுப்புகள் நடந்தன. பகலில் கூலி வேலை செய்த பெண்கள் மாலையில் படிக்க வந்தார்கள். பாடப் புத்தகத்தில் சீதம்மா கதை என்று ஒரு பாடம் இருந்தது. சாராயத்துக்கு எதிராக நின்ற ஒரு கிராமத்துப் பெண்ணின் கதை அது.

பெண்கள் படித்தார்கள். பிறகு பேசினார்கள். "இது நம் கதைதானே?" என்றார்கள்.

அந்தக் காலத்தில் சாராயம் பொட்டலத்தில் விற்றது. ஆண்களின் கூலி சாராயக் கடைக்குப் போனது. குடித்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் அடித்தார்கள். சிலர் படிப்பு வகுப்பிலும் வந்து கலாட்டா செய்தார்கள்.

ஒரு பெண் தனியாகக் கேட்டால் அடி விழும். எல்லாப் பெண்களும் சேர்ந்து கேட்டால்? தூபகுண்டா பெண்கள் சேர்ந்து போனார்கள். சாராயக் கடையை மூட வைத்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் ரோசம்மா.

இதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். தூபகுண்டாவின் கதையை அடுத்த பாடப் புத்தகத்தில் ஒரு பாடமாகப் போட்டார்கள். பாடத்தின் பெயர் "ஆடவாள்ளு ஏகமைதே". பெண்கள் ஒன்றுபட்டால் என்று அர்த்தம். நெல்லூர் மாவட்டத்தின் மற்ற ஊர்களில் பெண்கள் அந்தப் பாடத்தைப் படித்தார்கள். அவர்களும் கடைக்குப் போனார்கள். சாராய வண்டியை மறித்தார்கள். பொட்டலங்களைக் கொட்டினார்கள்.

1992இல் நெல்லூரில் சாராயக் கடை ஏலத்தைப் பெண்கள் எதிர்த்தார்கள். ஏலம் திரும்பத் திரும்பத் தள்ளிப் போனது. போராட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அப்போது ஹைதராபாத் ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகரம். செய்தி தலைநகரை எட்டியது. 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது.

1997இல் அரசு முழு மதுவிலக்கைத் தளர்த்தியது. கடைகள் மறுபடி திறந்தன. அப்படியானால் போராட்டம் வீணா? இல்லை. "என் வீட்டில் மட்டும்தான் இப்படி" என்று நினைத்திருந்த பெண்கள், "எல்லார் வீட்டிலும் இப்படி" என்று தெரிந்துகொண்டார்கள். சேர்ந்து நின்றால் அரசும் கேட்கும் என்று தெரிந்துகொண்டார்கள். ஒருமுறை வென்றால் போதாது, தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதும் அதில் உள்ள பாடம்.

குடிதான் காரணமா?

குடி ஒரு பெரிய காரணம். அதே அரசுக் கணக்கெடுப்பு இதையும் சொல்கிறது. கணவன் அடிக்கடி குடித்துப் போதையில் இருக்கும் வீடுகளில், 100 பெண்களில் சுமார் 70 பேர் துன்பப்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் கணவன் குடிக்கவே குடிக்காத வீடுகளில்? அங்கேயும் 100க்கு சுமார் 23 பேர் துன்பப்பட்டிருக்கிறார்கள். இவர்களை அடித்தது யார்? சாராயமா?

குடித்தவன் கூட மேஸ்திரியை அடிப்பதில்லை. போலீஸ்காரரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியை அடிக்கிறான். ஏன்? அவளை அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே நாம் கேட்க ஆரம்பிக்க வேண்டும். அங்கேதான் தடுப்பு வேலை தொடங்குகிறது.

நம் ஹைதராபாத்தில்

1978இல் ஹைதராபாத்தின் நல்லகுண்டா காவல் நிலையத்தில் ஒரு கொடுமை நடந்தது. ஓர் ஏழைப் பெண்ணைக் காவலர்கள் பாலியல் வன்முறை செய்தார்கள். அவர் கணவர் அடிபட்டு இறந்தார்.

நகரம் சும்மா இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள். கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. அரசு நீதிபதி முக்தாதர் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தது. காவலர்கள் குற்றம் செய்தார்கள் என்று கமிஷன் சொன்னது. ஆனால் வழக்கு கர்நாடகத்தின் ராய்ச்சூர் நீதிமன்றத்துக்குப் போனது. 1981இல் அங்கே காவலர்கள் விடுதலையானார்கள்.

இது வருத்தமான முடிவு. ஆனாலும் மக்கள் ஓயவில்லை. ஹைதராபாத் பெண்கள் "ஸ்த்ரீ சக்தி சங்கடனா" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நாட்டின் பல ஊர்களிலும் பெண்கள் இப்படிப்பட்ட கொடுமைகளை எதிர்த்துப் போராடினார்கள். அதன் பலனாக 1983இல் சட்டம் மாறியது. காவலில் இருக்கும் பெண்ணைக் கெடுத்தால் கடும் தண்டனை என்று வந்தது. அதே ஆண்டில், கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமையும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம் ஆனது.

இன்னொரு சம்பவம் 1991இல் நடந்தது. ஹைதராபாத்திலிருந்து டெல்லி போகும் விமானத்தில் ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் வயதான வெளிநாட்டுக்காரர் ஒருவர். விமானப் பணிப்பெண் அந்தச் சிறுமியிடம் போய் "ஏன் அழுகிறாய்?" என்று கேட்டார். அந்தக் கிழவருக்கு அவளைக் கட்டி வைத்து அனுப்புகிறார்கள் என்று தெரிந்தது. டெல்லியில் போலீசார் அவளை மீட்டார்கள்.

அந்தப் பணிப்பெண் சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஒரு சிறுமி தப்பினாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. இது மனைவிக்கு மட்டும் அல்ல. அதே வீட்டில் வாழும் தாய், மகள், சகோதரிக்கும் உண்டு. இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு.

முதலாவது, வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது. வீடு கணவன் பெயரில் இருந்தாலும், மாமியார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமை அவளுக்கு உண்டு.

இரண்டாவது, "இனி அடிக்கக் கூடாது, அருகில் போகக் கூடாது" என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். உத்தரவை மீறினால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

மூன்றாவது, செலவுக்குப் பணம் தரச் சொல்லியும் உத்தரவு போடலாம். "போலீசுக்குப் போனால் நாளைக்குச் சோறு யார் போடுவார்கள்?" என்று எங்கள் மையத்தில் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் செலவுப் பணம் கேட்கலாம்.

நான்காவது, நமக்கு மிக முக்கியமானது. புகார் கொடுக்க அடிபட்ட பெண்தான் வர வேண்டும் என்று இல்லை. அடுத்த வீட்டுக்காரர் சொல்லலாம். அங்கன்வாடி டீச்சர் சொல்லலாம். யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது.

"நாம் எப்படித் தலையிடுவது?" என்று கேட்டோம் அல்லவா? தலையிடலாம் என்று சட்டமே சொல்கிறது.

நம் தெருவில் என்ன செய்யலாம்?

கதவைத் தட்டுங்கள். 2008இல் நாடு முழுவதும் "பெல் பஜாவோ" என்று ஒரு பிரசாரம் நடந்தது. மணியை அடியுங்கள் என்று அர்த்தம். அடி விழும் சத்தம் கேட்டால் போய் மணி அடியுங்கள் என்றார்கள். தீப்பெட்டி கேளுங்கள். கொஞ்சம் சர்க்கரை கேளுங்கள். மணி எத்தனை என்று கேளுங்கள். வெளியே ஆள் வந்துவிட்டது என்று தெரிந்தாலே பல நேரம் ஓங்கிய கை இறங்கும்.

தனியாகப் போகாதீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து போங்கள். பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவன் கையில் கத்தியோ கட்டையோ இருந்தால் உள்ளே போகாதீர்கள். உடனே 112க்குப் போன் செய்யுங்கள்.

மறுநாள் அவளிடம் பேசுங்கள். அவன் இல்லாத நேரத்தில் பேசுங்கள். "உன் மேல் தப்பு இல்லை. நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். "என்ன செய்ய வேண்டும்?" என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொல்வதை ஊரெல்லாம் பரப்பாதீர்கள்.

குழு அமையுங்கள். பஸ்தியில் மகளிர் சேமிப்புக் குழு இருக்கிறது. இங்கே பொதுப்பு சங்கம் என்கிறார்கள். மாதக் கூட்டத்தில் கடன் கணக்கோடு இதையும் பேசுங்கள். எந்த வீட்டில் ஆபத்து? யார் முதலில் போவது? இரவில் அவளும் பிள்ளைகளும் யார் வீட்டில் தங்கலாம்? முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

இந்த எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்:

112 - அவசரப் போலீஸ் உதவி
181 - பெண்கள் உதவி
1098 - குழந்தைகள் உதவி
15100 - இலவசச் சட்ட உதவி

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. சகி மையத்தில் மருத்துவம், சட்டம், போலீஸ் உதவி, சில நாள் தங்க இடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஹைதராபாத்தில் 2016 முதல் பரோசா மையமும் இருக்கிறது. பஸ் நிறுத்தத்திலும் தெருவிலும் பெண்களைத் தொல்லை செய்பவர்களைப் பிடிக்க 2014 அக்டோபரில் ஷீ டீம் தொடங்கினார்கள். இவர்கள் சாதாரண உடையில் வரும் போலீசார்.

செய்யக் கூடாதவை

"கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று சொல்லி அடிக்கிற வீட்டுக்கே திருப்பி அனுப்பாதீர்கள். பொறுத்துப் போன பல பெண்கள் உயிரோடு இல்லை.

கட்டப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். அபராதம் வாங்கி விஷயத்தை முடிக்காதீர்கள். பாலியல் வன்முறையில் சமாதானப் பேச்சே கூடாது. கெடுத்தவனுக்கே அவளைக் கட்டி வைப்பது இன்னொரு கொடுமை.

அவனைக் கூடி அடிக்காதீர்கள். அடிப்பது தப்பு என்று சொல்லப் போகிற நாம் அடிக்கலாமா? பிறகு வழக்கு நம் மேல் வரும். அவள் இன்னும் கஷ்டப்படுவாள்.

எழுதத் தெரிந்தால் என்ன பலன்?

இப்போது நமக்கு எழுதத் தெரியும். இந்த இடத்தில் அது பெரிய உதவி.

ஒரு சிறிய நோட்டு வாங்குங்கள். அடி விழுந்த தேதி, நேரம், எங்கே காயம், யார் பார்த்தார்கள், எந்த ஆஸ்பத்திரியில் மருந்து போட்டார்கள் என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நோட்டை அந்த வீட்டில் வைக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

புகார் மனு இப்படி எழுதலாம்:

"ஐயா, என் பெயர் ........... நான் ........... பஸ்தியில் இருக்கிறேன். என் கணவர் ........... என்னை ........... தேதி இரவு ........... மணிக்கு அடித்தார். எனக்கு ........... இடத்தில் காயம். பக்கத்து வீட்டு ........... பார்த்தார். எனக்கும் என் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

ஹைதராபாத் காவல் நிலையத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் இருக்கலாம். கவலை வேண்டாம். வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். தெலுங்கு தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிப் போங்கள். முழுவதும் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். கேட்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். "இது எங்கள் எல்லை இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த நிலையத்திலும் புகார் எழுதலாம். எழுத மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

அண்ணன்மார்களே, இது பெண்கள் வேலை மட்டும் அல்ல. டீக்கடையில் ஒருவன், "நேற்று ரெண்டு போட்டேன், அடங்கிட்டா" என்று பெருமை பேசுகிறான். சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குத் தைரியம். ஒருவர் "இது என்னப்பா பேச்சு?" என்று கேட்டால் போதும். அடுத்த முறை அவன் பேச யோசிப்பான்.

வீட்டில் பையன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அப்பா அடித்தால் அவனும் கற்றுக்கொள்வான். அப்பா சோறு போட்டுக் கொடுத்தால் அதையும் கற்றுக்கொள்வான்.

தூபகுண்டாவில் படித்த பெண்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்கள். நாமும் இந்தப் பாடத்தை அப்படிப் படிப்போம். அடுத்த முறை அலறல் சத்தம் கேட்கும்போது, நம் தெருவில் முதலில் ஒரு கதவு திறக்கட்டும். பிறகு பத்துக் கதவுகள் திறக்கும்.

கூடிப் பேசுவோம்

1. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பது சரியா? உங்கள் கருத்து என்ன?
2. வன்முறையில் நான்கு வகை எவை?
3. தூபகுண்டா பெண்கள் தனித்தனியாகப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்?
4. நம் தெருவில் இரவு நேரத்தில் உதவிக்கு வரக்கூடிய ஐந்து பேர் யார்? பெயர்களை எழுதுங்கள்.
5. நான்கு உதவி எண்களையும் பார்க்காமல் எழுதிப் பழகுங்கள்.